பழைய பேண்ட்சா வாங்குகிறீர்களா? துருவை விடுங்கள், விரிசலைத் தேடுங்கள்

பட்டறையை மூடுபவர்கள் பழைய காஸ்ட் அயர்ன் பேண்ட்சாவைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நல்ல மிஷினாக அமைந்தால் உங்கள் காலம் முழுக்க உழைக்கும். தவறினால் பணத்தோடு விரலும் போகும். துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், வார்ப்பில் விழுந்த விரிசல் போகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. மெயினை அணைத்து, பிளேடைக் கழற்றி, வீலின் ஆரக்கால்களை டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தியலால் லேசாகத் தட்டும்போது சத்தம் மந்தமாக வந்தால் விரிசலைச் சந்தேகியுங்கள்.

2. வீலைக் கையால் சுழற்றுங்கள், பிடித்து ஆட்டுங்கள். கரகரத்தால் பேரிங் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

3. டென்ஷன் திருகை முழுக்க ஏற்றி இறக்குங்கள். மேல் வீலைத் தாங்கும் வார்ப்பு உடைவதும் ஸ்பிரிங் நசுங்குவதும் பழைய மிஷின்களில் சகஜம்.

4. மோட்டார் பிளேட்டைப் படியுங்கள். 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டார் வீட்டு 230 வோல்ட் லைனில் நேரடியாக ஓடாது. மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

5. வாங்கிய பின் இரண்டு வீலுக்கும் புது ரப்பர் டயர் போடுங்கள். காய்ந்து வெடித்த ரப்பரில் பிளேடு நிலையாக ஓடாது.

6. அளந்த பிறகே பிளேடு வாங்குங்கள். இரு வீல் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்து, வீல் விட்டத்தின் 3.14 மடங்கைக் கூட்டுங்கள். 18 அங்குல வீல், 36 அங்குல தூரம் என்றால் சுமார் 128.5 அங்குலம்.

7. நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் மாட்டுங்கள். கரண்ட் போய் வரும்போது மிஷின் தானாக ஓடத் தொடங்காது.

செய்யக்கூடாதவை

1. விரிசல் விட்ட வீலை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். ஓடும்போது சிதறினால் வீலை மூடும் தகரக் கதவு தடுக்காது.

2. டேபிளையோ வீலையோ பிடித்துத் தூக்காதீர்கள். இந்த மிஷினுக்கு மேல்பாரம் அதிகம், கவிழும். டேபிளைக் கழற்றி, பாடியில் பெல்ட் கட்டித் தூக்குங்கள்.

3. பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கித் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

4. டேபிள் துருவைக் கிரைண்டரால் எடுக்காதீர்கள். பள்ளம் விழும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு எமரித் தாளால் தேயுங்கள்.

5. புல்லியை மாற்றி வேகத்தை ஏற்றாதீர்கள். வீல் எந்த வேகத்துக்கு வார்க்கப்பட்டதோ அதைத் தாண்டினால் உடையும்.

6. வீல் கதவு இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர்கள். பிளேடு அறுந்தால் வெளியே பாயும். கதவு தொலைந்திருந்தால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

7. கையுறை போட்டு அறுக்காதீர்கள். பல்லில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

8. வேலை முடிந்தபின் டென்ஷனைத் தளர்த்தாமல் போகாதீர்கள். ஸ்பிரிங்கும் டயரும் வீணாகும்.

பார்க்கப் போகும்போது டார்ச், சிறு சுத்தியல், டேப், ஸ்பானர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடைக் கழற்றிப் பார்க்க விற்பவர் விடவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.