கடற்பாசியின் பிறப்பிடத்தை இரசாயன சோதனையால் அறிதல்

உணவுக்குரிய கடற்பாசி உலர்ந்து மூட்டையில் ஏறிய பின், அது எக்கடலில் விளைந்ததென்று கண்ணால் கூறுதல் அரிது. ஜப்பானில் பேர்பெற்ற நருத்தோ வகாமேப் பாசியுடன் அந்நியச் சரக்கைக் கலந்து, நருத்தோவில் விளைந்ததென விற்ற மோசடிகள் 2000க்குப் பின் வெளிப்பட்டன. இத்தகைய கலப்பால் நேர்மையாய் விளைவிப்போரின் விலையும் நற்பெயரும் குன்றும். இராமநாதபுரக் கரையில் பயிராகும் காப்பாபைக்கஸ் பாசி பிலிப்பைன்ஸ் கடலிலும் விளைவதாகையால், வடிவத்தைக் கொண்டு இடத்தைத் துணிய இயலாது.

நிலப்பயிரைப்போல் பாசி வேரினால் உணவு கொள்வதில்லை. சூழ்ந்த நீரிலிருந்தே உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. ஆதலின் அந்நீரின் குணம் அதன் உடலிற் பதிகிறது. இதனை அறியும் முறைகள் இரண்டு:

1. உலர்ந்த பாசியை அமிலத்திற் கரைத்து, மாங்கனீசு, பேரியம், காட்மியம் முதலியவற்றின் அளவைக் கருவியால் காணல்.

2. நைட்ரஜனில் எடை 14 உடையதும் 15 உடையதுமான இருவகை அணுக்களின் விகிதத்தை அளத்தல். காற்றின் நைட்ரஜனைக்கொண்டு செய்த யூரியாவில் இவ்விகிதம் காற்றிலுள்ளதை ஒத்திருக்கும். சாக்கடை நீரிலும் தொழுவெருவிலும் 15 எடையுள்ளது பொதுவாக மிகுந்திருக்கும்.

நெல்லின் பிறப்பிடத்தை அறிய உதவும் ஸ்ட்ரான்சிய விகிதம், திறந்த கடலில் எங்கும் ஏறக்குறைய 0.7092 ஆகவே உள்ளமையால், பாசிக்கு அதிகம் பயன்படாது.

காரைக்காலில் அரசலாறு கடலிற் கலக்கிறது. முகத்துவாரத்தருகே பாசி வளர்ப்பின், வயல் வடிகாலிலும் ஊர்க்கழிவிலும் வந்தவை அதில் ஏறும். ஆகவே மிராசுதார்கள் உரத்தை அளவறிந்து இடுதல் கடல் விளைவுக்கும் நன்மையாம்.

எனினும், ஒப்பிடுவதற்கு அந்தந்த இடத்தில் எடுத்த உண்மை மாதிரிகள் இல்லையேல் சோதனை பயன்படாது. பருவமும் பாசியின் வயதும் அளவுகளை மாற்றுமாதலின், மாதிரிகளைப் பருவந்தோறும் எடுத்தல் வேண்டும். சுத்தமான கடல்நீரில் அலசி, மணல் படாமல் உலர்த்தி, உலோகப் பாத்திரம் தவிர்த்து, இடமும் தேதியும் குறித்துக் கிராம அதிகாரி முன்னிலையில் முத்திரையிடுக. அறுவடை எடை, விற்ற எடை, வாங்கியவர் ஆகிய விவரங்களைக் கணக்கில் எழுதி வருக. சோதனையும் கணக்கும் ஒத்திருப்பின், சரக்கின் பிறப்பிடத்தை ஐயமின்றி நிலைநாட்டுதல் எளிதாகும்.