கிராங்க் ஷாஃப்ட் ஆடுதா? அளந்து பாருங்க!

எங்கள் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பது ஒரு பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் பெட்ரோல் இன்ஜின். பம்ப்பின் இம்பெல்லர் அதன் கிராங்க் ஷாஃப்ட் நுனியிலேயே நேராகத் திருகியிருக்கும். போன கோடையில் இம்பெல்லர் பம்ப் உறையில் உரசித் தேய்ந்துபோனது. புதுசு போட்டோம். இரண்டே வாரத்தில் அதுவும் உரசியது. பார்த்த மெக்கானிக், "கிராங்க் போச்சு தம்பி. அதை மாத்துற காசுக்கு வேற இன்ஜினே வாங்கிடலாம்" என்றார். அப்பா பழைய இரும்புக் கடையில் விலை கேட்கவே போய்விட்டார்!

எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு (இதை மறக்கவே கூடாது) ஃப்ளைவீலைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினேன். 'டக் டக்' என்றது. மேலும் கீழும் அசைத்தேன், அசையவில்லை. மேல் கீழ் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பின் ஆட்டம் வேறு விஷயம். இதற்குத்தான் 'எண்ட் பிளே' என்று பெயர். ஃப்ளைவீல் நட்டு லூசாக இருந்தாலும் இதே சத்தம் வரும். அதையும் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது.

கொஞ்சம் எண்ட் பிளே இருந்தே ஆகவேண்டும். உரசும் முகங்களுக்கு நடுவே ஆயில் போக இடம் வேண்டுமே! இந்தக் கம்பெனியின் பல சிறிய இன்ஜின்களுக்கு 0.05 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம்.

சாரிடம் கேட்டு டயல் கேஜ் வாங்கிப் போனேன். அங்கேதான் அசடு வழிந்தேன். கேஜின் காந்த ஸ்டாண்ட் இன்ஜினில் ஒட்டவே இல்லை. உறை அலுமினியம்! பிறகு ஒரு இரும்புப் பட்டையை போல்ட் போட்டு முடுக்கி, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தினேன். ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, வெளியே இழுத்தேன். மூன்று முறையும் 0.52 மி.மீ.

இன்ஜின் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். சூடானால் ஆட்டம் குறையும் என்று நினைத்திருந்தேன். தப்பு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஷாஃப்ட்டைவிட உறை அதிகம் நீள்வதால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.

அடுத்து பம்ப்பைக் கழற்றினேன். ஷாஃப்ட்டில் இருந்த பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து, டேப் சுற்றி (இல்லாவிட்டால் ஆயில் சீல் கிழியும்), பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுக்கு இரண்டு பேக்கிங்! எப்போதோ ரிப்பேர் பார்த்த யாரோ, ஆயில் கசியக்கூடாது என்று அட்டையில் வெட்டி ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறார்கள். மூடி அந்த அளவு வெளியே தள்ளி நின்றிருக்கிறது. மைக்ரோமீட்டரில் அந்த அட்டை 0.36 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.52 - 0.36 = 0.16!

கம்பெனி அளவான 0.38 மி.மீ. பேக்கிங் ஒன்று மட்டும் புதிதாக வைத்து, கேம் கியர் புள்ளிகளை நேர்ப்படுத்தி மூடினேன். ஒருவேளை பேக்கிங் சரியாக இருந்தும் ஆட்டம் அதிகமாக இருந்திருந்தால், தேய்மானம் என்று தெரிந்துகொண்டு த்ரஸ்ட் வாஷர் போட்டிருப்பேன். மறுபடி அளந்தபோது முள் 0.17-இல் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, "கயிறை இழுடா, தண்ணி வருதான்னு பாப்போம்" என்றார். வந்தது. உரசல் சத்தம் இல்லை.

- பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு