சாமி மேடைக்குப் பக்கத்தில் கிளிக்கூண்டு வேண்டாம்

மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் இருப்பதாலோ என்னவோ, நம்ம வீடுகளில் கிளிக்குத் தனி மரியாதை உண்டு. நாயைப் பின்கட்டில் கட்டுவாங்க. கிளிக்கூண்டை மட்டும் ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவாங்க. ரவாங்கில் நான் பார்த்த பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால், கிளிக்கு ஆகாத இடமே அதுதான்.

நமக்கு மூச்சுக்காற்று போன வழியிலேயே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படி இல்லை. நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து இயங்குவதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜினியரிங் கண்ணோடு பார்த்தால் அருமையான டிசைன். பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும். காற்றில் நஞ்சு இருந்தால் அதுவும் அதே வேகத்தில் உள்ளே போகும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். விஷவாயு இருந்தால் மனிதனுக்கு முன்னால் அது விழுந்துவிடும். 1986 வரைக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. (நம்ம பக்கத்து ஊர் பத்து ஆராங்கும் 1960 வரைக்கும் நிலக்கரி ஊர்தான்.)

இப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை நினைத்துப் பாருங்க. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், கதவு சாத்திய ஹால். நமக்குக் கண் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். கூண்டில் இருப்பது எழுந்து வெளியே போக முடியாது. சாம்பிராணி போடாதீங்கன்னு நான் சொல்லவில்லை. அது நம்ம வழிபாடு. கூண்டை வேறு அறைக்கு மாற்றி, ஜன்னலைத் திறந்து வைங்க. பாட்டி கேட்டால் இந்தக் கேனரி கதையைச் சொல்லுங்க, புரிந்துகொள்வார்.

சமையலறை அதைவிட ஆபத்து. ஒட்டாத பூச்சுள்ள சட்டியைக் காலியாக அடுப்பில் மறந்துவிட்டால், சூடு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் பூச்சிலிருந்து புகை வரும். அதற்கு மணம் கூடத் தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருக்கும் கிளி சில நிமிடங்களில் செத்துவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். "பாலும் பழமும்" என்று பழகிவிட்டோம். பழம் சரி, பால் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். மைலோவில் கொக்கோ இருக்கு, காப்பியில் காஃபின் இருக்கு, இரண்டும் நஞ்சு. அவகாடோ பழத்தைக் கண்ணிலேயே காட்டாதீங்க. சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கிளி கொழுத்துப்போகும், வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கங்கோங், கேரட், பப்பாளி, கொய்யா எல்லாம் நம்ம பசார் மாலாமிலேயே மலிவு. பச்சை மிளகாய் தாராளமாகக் கொடுக்கலாம். அதன் காரம் பறவைக்கு உறைக்காது. மிளகாய் விதையைக் காடெல்லாம் பரப்பியதே பறவைகள்தான்.

கூண்டை நாமே செய்யலாம் என்று நாகம் பூசிய கம்பி வாங்குபவர்கள் உண்டு. கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துத்தநாகம் உடம்பில் சேர்ந்தால் விஷம். துருப்பிடிக்காத எஃகு விலை கூடுதல்தான், ஆனாலும் அதுவே நல்லது. உட்காரும் குச்சிக்கு ஒரே அளவு பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். தடிமன் மாறி மாறி இருக்கும் கொய்யாக் கிளை போதும், காலில் புண் வராது. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. சீரியல் முடியும் வரைக்கும் ஹாலில் வைத்திருந்தால் அது எங்கே தூங்கும்? எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காதீங்க. தண்ணீர் தெளித்துத் துடைங்க. அந்தத் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் காய்ச்சல் வரும்.

எந்தக் கிளி என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் பச்சைக்கிளியில் ஆணுக்குக் கழுத்தில் சிவப்பு வளையம் இருக்கும். அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று பெயர் மட்டும் இருக்கிறது, கூண்டுக்கிளிகள் இப்போது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்கிளியைத் தினமும் இலைகளாலும் மாதுளம்பூவாலும் புதிதாகக் கட்டுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கிளி அதுதான்.

நம்ம தோட்டப்புறங்களில் செம்பனைப் பழம் தின்ன வருவது வேறு இனம். கன்னம் சிவந்து, வால் நீண்டிருக்கும். மலாயில் பாயான் நூரி. காய்ந்த பெரிய மரத்தின் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். அந்த மரங்களும் காடும் போகப் போக இனமே குறைந்து, இன்று உலக அளவில் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "தோட்டத்துல புடிச்சது தம்பி, சீப்பா தரேன்" என்று யாராவது அட்டைப்பெட்டியில் குஞ்சைக் காட்டினால் பாவம் பார்த்தும் வாங்காதீங்க. நீங்கள் ஒன்றை வாங்கினால் அடுத்த மரத்தில் ஏறுவார்கள். கடையில் வாங்குவதாக இருந்தாலும் உரிமத்தை முதலில் கேளுங்கள். பச்சைக்கிளி 25 வருடம்கூட வாழும். நீங்க படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு வீட்டில் யார் பார்ப்பாங்க என்பதை, வாங்குவதற்கு முன்னாலேயே அம்மாவிடம் பேசி முடிவு பண்ணிக்கோங்க.