நொச்சிக்குப்பத்துல நீச்சல் குளம் கட்டினா மிதக்குமா?

மெரினாவுக்கு அடுத்த முறை போகும்போது ஒரு வேலை பண்ணுங்க. அலை வந்து திரும்புற இடத்துக்கு ரெண்டு மூணு அடி இந்தப்பக்கம் உட்காந்து, கையால மணலைத் தோண்டுங்க. முழங்கை ஆழம் போறதுக்குள்ள அடியில தண்ணி ஊறும். பக்கத்து மணல் சரிஞ்சு குழியை மூடப் பார்க்கும். வீட்டுப் பின்கட்டுல நீச்சல் குளம் கட்டுறதுல இருக்கிற பாதிப் பிரச்சனை இந்தக் குழியிலயே இருக்கு. மீதிப் பாதி குளோரின். அதுக்கு அப்புறம் வரேன்.

யூடியூப்ல பார்க்குற நீச்சல் குளம் வீடியோவெல்லாம் பெரும்பாலும் கெட்டியான களிமண் பூமியில எடுத்தது. தோண்டினா குழி குழியாவே நிக்கும். நம்ம ஊர்க் கரையோரம் அப்படி இல்லை. அதனால கணக்குப் போட நொச்சிக்குப்பத்தை எடுத்துக்கலாம். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவுல, லூப் ரோட்டை ஒட்டின மீனவர் குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சாந்தோம் ஹைரோடு. அந்த ஹைரோடு பக்கம் ஒரு பழைய வீடு, பின்னாடி கொஞ்சம் காலி இடம் இருக்குன்னு வெச்சுப்போம். வீட்டுக்காரர் உங்ககிட்ட வந்து, "தம்பி, நீங்க சிவில்தானே? இங்க ஒரு நீச்சல் குளம் போட்டா என்ன?"ன்னு கேக்குறாரு. என்ன சொல்லுவீங்க?

நம்மில் பலர் முதல்ல யோசிக்கிறது "தண்ணி கசியாம இருக்கணும்". அதாவது உள்ளே இருக்கிற தண்ணி வெளியே போகக் கூடாது. இந்த ஊர்ல பெரிய கவலை அதுக்கு நேர் எதிர். வெளியே இருக்கிற தண்ணி குளத்தையே மேலே தூக்கிடும்.

செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை எடுங்க. குளத்தோட உள் அளவு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். உள்ளே 48 கன மீட்டர் தண்ணி, அதாவது 48,000 லிட்டர். சுவரும் தளமும் 20 செ.மீ. கான்கிரீட்னா வெளி அளவு 8.4 × 4.4 × 1.7. மொத்த வெளிக் கன அளவு கிட்டத்தட்ட 62.8 கன மீட்டர். அதுல 48 போக கான்கிரீட் மட்டும் 14.8. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2.5 டன்னு எடுத்தா, காலிக் குளத்தோட எடை 37 டன்.

37 டன்னா பெருசாத்தான் தெரியும். ஆனா மழைக்காலத்துல நிலத்தடி நீர் தரை மட்டம் வரைக்கும் வந்துட்டா, ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி மேல்நோக்கித் தள்ளுற விசை 62.8 டன். காலிக் குளத்தைக் கிட்டத்தட்ட 26 டன் மேலே தூக்கப் பார்க்குது. அதே குளம் நிறைஞ்சிருந்தா எடை 37 + 48 = 85 டன். ஒண்ணும் ஆகாது.

குளம் மிதக்கிறதுக்குத் தண்ணி தரை மட்டம் வரைக்கும் வரணும்னு கூட இல்லை. அடிப்பரப்பு 37 சதுர மீட்டர், எடை 37 டன். ஆக, தளத்துக்கு அடியிலிருந்து அளந்து ஒரே ஒரு மீட்டர் தண்ணி ஏறினா போதும். தரையிலிருந்து பார்த்தா அது 70 செ.மீ. ஆழம். மிதப்புக்கு எதிரா 1.2 பாதுகாப்புக் காரணி வேணும்னு எடுத்தா, 86 செ.மீ. ஆழத்துல தண்ணி தெரியும்போதே நீங்க பயப்படணும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கிற உரசல் கொஞ்சம் பிடிச்சு வைக்கும்தான். அதை நம்பி யாரும் டிசைன் பண்ண மாட்டாங்க, ஈர மணல்ல சுத்தமா நம்பக் கூடாது.

இப்போ கடைகள்ல ரெடிமேட் ஃபைபர் குளம் கிடைக்குது. லாரியில வந்து கிரேன்ல இறக்கிட்டுப் போயிடுவாங்க, ரெண்டு வாரத்துல வேலை முடியும்னு சொல்லுவாங்க. லூப் ரோட்டுல வரிசையா நிக்குற ஃபைபர் போட்டைப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே பொருள்தான், கண்ணாடி இழையும் ரெசினும். அப்படி ஒரு குளம் ஒரு டன் எடைன்னு வெச்சுக்கிட்டா, 32 சதுர மீட்டர் அடிப்பரப்புக்கு அடியில வெறும் 3 செ.மீ. தண்ணி வந்தாலே காலிக் குளம் கிளம்பிடும். போட்டு செய்யுற பொருள்ல போட்டு மாதிரியே ஒரு வடிவத்தைச் செஞ்சு மணல்ல புதைச்சுட்டு, அது மிதக்கக் கூடாதுன்னா எப்படி? நொச்சிக்குப்பத்துல எந்த அண்ணன்கிட்ட கேட்டாலும் சிரிப்பாரு.

அங்கிருந்து மேற்கே நடந்தா மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளம். நாலு பக்கமும் கல் படி, அடியில மண். அப்படிப்பட்ட குளத்துல நிலத்தடி நீர் ஏறினா குளத்துத் தண்ணியும் ஏறும், இறங்கினா இறங்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், அதனால தூக்கு விசைங்கிற பேச்சே இல்லை. நாம அடியில கான்கிரீட் போட்டு நிலத்தடி நீரை "உள்ள வராதே"ன்னு சொல்ற நிமிஷத்துலதான் பிரச்சனை ஆரம்பிக்குது. தைப்பூசத்துக்கு அந்தக் குளத்துல தெப்பம் மிதக்கும். இங்கே குளமே தெப்பமாயிடும்.

மிதக்கிறதுன்னா அழகா அப்படியே மேலே எழும்பி நிக்கும்னு நினைக்காதீங்க. ஒரு மூலை முதல்ல எழும்பும், தளம் வெடிக்கும், பக்கவாட்டுல போற பைப் எல்லாம் ஒடியும். அடியில உண்டான இடைவெளியில மணல் ஓடிவந்து நிரம்பிடும். அப்புறம் தண்ணி இறங்கினாலும் குளம் பழைய இடத்துக்கு உட்காராது. உடைச்சு எடுக்கிறதுதான் வழி.

சரி, எப்படித் தடுக்கிறது? தளத்தை இன்னும் தடிமனாக்கி எடை கூட்டலாம், ஆனா செலவு எகிறும். அதைவிட நல்லது, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒரு விளிம்பு மாதிரி நீட்டுறது. அந்த விளிம்பு மேல உட்காருற மண்ணும் குளத்தைப் பிடிச்சு வைக்கும். தண்ணிக்குள்ள இருக்கிற மணலோட பயனுள்ள எடை கன மீட்டருக்குச் சுமார் 1 டன்தான். சுத்திலும் அரை மீட்டர் நீட்டினா ஏறக்குறைய 25 டன் கிடைக்கும். நமக்கு வேண்டியது 26, கொஞ்சம் குறையுது. 70 செ.மீ. நீட்டினா 35 டன்னைத் தாண்டும். இதை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க, இன்டர்வியூல கூட உதவும்.

இன்னொரு வழி, குளத்தோட அடிவாய்க்கால்ல ஹைட்ரோஸ்டாடிக் வால்வு. வெளி அழுத்தம் கூடினா வால்வு தானா திறந்து நிலத்தடி நீரை உள்ளே விடும். குளம் அழுக்காகும், ஆனா உடையாது. அதுக்கு அடியில ஜல்லிப் படுகை, அதைச் சுத்தி ஜியோடெக்ஸ்டைல் துணி இருக்கணும். இல்லைன்னா நம்ம பொடி மணல் ஒரே மழையில வால்வை அடைச்சுடும். வால்வை மட்டும் வாங்கிப் போட்டுட்டுத் துணியை மறக்கிறது, ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில மாட்டிட்டு ஓட்டுற மாதிரி.

கட்டுற காலம் பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான். வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு மண்ணைத் தொடாதீங்க. குழி தோண்டும்போது செங்குத்தா வெட்டவே கூடாது. தளர்வான மணல் சுமார் 30 டிகிரி சரிவுலதான் நிக்கும். ஈரமா இருக்கும்போது செங்குத்தா நிக்கிற மாதிரி ஏமாத்தும், காய்ஞ்சதும் ஆள் மேல சரியும். பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர் கூடவே வரும். இடம் இல்லைன்னா ஷீட் பைல் போட்டுத்தான் தோண்டணும். தண்ணி இறைக்கிற பம்பையும் கான்கிரீட் போட்ட மறுநாளே நிறுத்திடக் கூடாது. குளத்துக்குப் போதுமான எடை வந்த பிறகுதான் நிறுத்தலாம்.

கான்கிரீட்டுக்கு உப்பு எதிரி. கம்பி போட்ட கான்கிரீட் கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஐஎஸ் 456 சொல்லுது. கடல் தண்ணியில அது கிட்டத்தட்ட 19,000. உப்பு நிலத்தடி நீர்ல புதைஞ்சிருக்கிற குளத்துக்கு எம்35 கான்கிரீட்டும் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கவரும் கேளுங்க. மேஸ்திரி "இருபத்தஞ்சு போதும் தம்பி"ன்னு சொன்னா தலையாட்டாதீங்க.

தண்ணி எங்கிருந்து வரும்னு இன்னும் பேசலை. பின்கட்டுல போர் போட்டு நிரப்பிக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு. கரையோரத்துல நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல ஒரு லென்ஸ் மாதிரி மிதக்குது. அடர்த்தி 1.000க்கும் 1.025க்கும் உள்ள வித்தியாசத்தால, கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி இருந்தா கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். இது கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி. திருப்பிப் படிங்க: மேலே ஒரு மீட்டர் உறிஞ்சினா, காலப்போக்குல கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். அது உங்க வீட்டு போரோட நிக்காது, குப்பத்து அடிபம்பு வரைக்கும் போகும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ள நிலத்தடி நீர் எடுக்கத் தடை போட்டு, அங்கே வாழுற உள்ளூர் மக்களோட சொந்தத் தேவைக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்கிறதுல அர்த்தம் இருக்கு. கட்டிட அனுமதிக்கும் இதே விதிகளைத்தான் முதல்ல பார்க்கணும்.

அப்போ லாரித் தண்ணி. 12,000 லிட்டர் லாரி நாலு. 2019 ஜூன்ல சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் வறண்டு கிடந்தப்போ ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் நின்னோம்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இதைச் சொல்லாம கணக்கை மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. நீந்தத்தான் ஆசைன்னா காமராஜர் சாலையில மாநகராட்சியோட மெரினா நீச்சல் குளம் இருக்கு. நான் அந்த வீட்டுக்காரர்கிட்ட முதல்ல அதைத்தான் சொல்லுவேன்.

அதையும் மீறிக் கட்டிட்டாரு. இனிமே பராமரிப்பு. இதோட நோக்கம் ஒண்ணுதான்: அந்த நாலு லாரித் தண்ணியை வருஷக்கணக்கா மாத்தாம வெச்சிருக்கிறது. மாத்தணும்னா வடிக்கணும், வடிச்சா மேலே சொன்ன 26 டன் காத்திருக்கு.

குளோரினைத் தண்ணியில போட்டா ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகும். கிருமியைக் கொல்றது முக்கியமா அதுதான். பிஹெச் 7.5ல பாதிதான் அந்த வடிவத்துல இருக்கும். 8.5க்குப் போனா பத்துல ஒரு பங்கு கூட மிஞ்சாது. அதனால பிஹெச் பார்க்காம பிளீச்சிங் பவுடர் கொட்டுறது வீண். பிஹெச் 7.2–7.6, ஃப்ரீ குளோரின் 1–3 பிபிஎம். நம்ம குளத்துல 1 பிபிஎம் ஏத்த 48 கிராம் குளோரின் வேணும். 32 சதவீத பிளீச்சிங் பவுடர்னா 150 கிராம். ஆனா கடல் காத்துல திறந்து வெச்ச மூட்டை சீக்கிரமே வீரியம் இழந்துடும், சின்ன டப்பாவா வாங்குங்க. வெயில்ல குளோரின் சில மணி நேரத்துல காணாமப் போகும். சயனூரிக் அமிலம் 30–50 பிபிஎம் இருந்தா தாக்குப்பிடிக்கும். சாயங்காலம் போடுறது இன்னும் நல்லது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே வாளியில கலந்துடாதீங்க. வர்ற வாயு ஆளைக் கொல்லும்.

"குளோரின் நாத்தம் அடிக்குது, ஜாஸ்தி போட்டுட்டாங்க"ன்னு சொல்லுவோம் இல்லையா? பெரும்பாலும் அது தப்பு. வியர்வை, சிறுநீர் எல்லாம் குளோரினோட சேர்ந்து உண்டாகுற குளோரமினோட நாத்தம் அது. குளிச்சுட்டு இறங்கினா பாதி குறையும்.

பம்ப் மணிக்கு 8,000 லிட்டர் தள்ளினா, ஆறு மணி நேரத்துல மொத்தத் தண்ணியும் ஒரு முறை ஃபில்டர் வழியா போயிடும். பம்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். தண்ணி மட்டம் இறங்குதுன்னா உடனே கசிவுன்னு முடிவு பண்ணாதீங்க. நாளைக்கு 5 மி.மீ. ஆவியானாலே 160 லிட்டர். ஒரு வாளியில தண்ணி ஊத்திக் குளத்துப் படியில வெச்சு, ரெண்டு மட்டத்தையும் குறிச்சு ஒரு நாள் விடுங்க. குளம் வாளியைவிட அதிகமா இறங்கியிருந்தாத்தான் கசிவு.

சுத்தி 1.2 மீட்டர் வேலி, தானா மூடிக்கிற கதவு. இதுல பேரம் பேசாதீங்க. சின்னக் குழந்தை மூழ்கும்போது சினிமா மாதிரி கத்தாது, சத்தமே வராது.

நவம்பர் மாசம். நாலு நாள் மழை, குளம் பச்சையா கலங்கிப்போச்சு, கொசு வருதுன்னு வீட்டுல சத்தம். "மொத்தமா வடிச்சுட்டுக் கழுவிடலாம்"னு யாராவது சொல்லுவாங்க. அந்த நிமிஷத்துக்காக, கட்டும்போதே குளத்துக்கு வெளியே ரெண்டு மீட்டர் ஆழத்துக்கு ஓட்டை போட்ட பிவிசி பைப் ஒண்ணு செங்குத்தா புதைச்சு வைங்க. மேல ஒரு மூடி. செலவு சில நூறு ரூபாய்தான். அதுக்குள்ள டேப்பை இறக்கிப் பாருங்க. தண்ணி 86 செ.மீ.க்கு மேல தெரிஞ்சா மோட்டார் சுவிட்ச் பக்கமே போகாதீங்க. குளத்துக்குள்ள இருக்கிற மட்டம் பைப்புக்குள்ள இருக்கிற மட்டத்தைவிடக் கீழே போகாத வரைக்கும் குளம் உட்கார்ந்த இடத்துலயே இருக்கும். பச்சைத் தண்ணிக்குக் குளோரினைக் கூட்டி, பம்பை ராத்திரி பகலா ஓட்டி, பிரஷ் போட்டுத் தேய்ங்க. மூணு நாலு நாள்ல தெளிஞ்சுடும். வடிச்சுத்தான் ஆகணும்னா, ஏப்ரல்ல பைப்பைத் திறந்து மறுபடி பாருங்க.