காற்றை அளந்தவர்

மூச்சு விடாமல் வாழ்வார் எவரும் இலர். எனினும், தாம் உள்ளிழுக்கும் காற்றில் என்னென்ன கலந்துள்ளன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அக் காற்றில் மிகச் சிறிய அளவாகக் கலந்துள்ள ஒரு வாயுவை அளப்பதிலேயே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளைச் செலவிட்டார் ஒருவர். அவரே சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவர் அளந்தது கரியமில வாயு. ஒரே செயலை நாள்தோறும் செய்வதில் என்ன புதுமை இருக்கிறது என்று அவரைக் கேட்டோர் உண்டு. அக் கேள்விக்கு விடையாக நிற்பது அவருடைய வாழ்க்கையே ஆகும்.

கீலிங், 1928-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 20-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்கிரான்டன் நகரில் பிறந்தார்; வேதியியல் பயின்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வேதியியல் கற்றவர்களைப் பெரிய தொழிற்சாலைகள் விரும்பி அழைத்த காலம் அது. ஆனால், அவர் உள்ளமோ மலைகளையும் காடுகளையும் நாடிற்று. திறந்த வெளியில் இயற்கையோடு இயைந்து செய்யும் ஆராய்ச்சியே தமக்கு ஏற்றது என்று அவர் கருதினார். ஆகவே, நாட்டின் மேற்குக் கரைக்குச் சென்று, கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் புவி வேதியியல் துறையில் சேர்ந்தார்.

கரியமில வாயுவைப் பற்றி அன்று அறிந்திருந்தது என்ன? அது பூமியினின்று வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையது. அதன் அளவு மிகுந்தால் பூமியின் வெப்பமும் மிகும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் அவ் வாயு பெருகிவருகிறதா என்பதே தீராத ஐயமாக இருந்தது. எரிப்பதனால் வெளிப்படும் வாயுவைக் கடல் விழுங்கிவிடும் என்று பலர் நம்பினர். அதுகாறும் கிடைத்த அளவுகளோ இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறுபட்டன. நம்பத்தக்க கணக்கு ஒன்றும் இல்லை.

இந் நிலையில், காற்றிலுள்ள கரியமில வாயுவைத் துல்லியமாக அளக்கும் கருவி ஒன்றைக் கீலிங் தாமே அமைத்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டு, பிக் சர் என்னும் கடற்கரைக் காட்டுக்குச் சென்றார். அங்கே கூடாரம் அடித்துத் தங்கி, பகலும் இரவும் சில மணிக்கு ஒருமுறை குடுவைகளில் காற்றை நிரப்பினார். நள்ளிரவில் உறக்கத்தை விட்டு எழுந்தும் அப் பணியைச் செய்தார். அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை என்று பிறர் எண்ணியிருக்கலாம். ஆனால் அந் நுணுக்கமே உண்மையை வெளிப்படுத்திற்று. இரவில் மரஞ்செடிகளும் மண்ணும் வாயுவை வெளிவிடுவதால் அதன் அளவு ஏறியது. பகலில் இலைகள் அதனைக் கொள்வதால் இறங்கியது. காற்று நன்றாகக் கலந்து வீசும் பிற்பகல் வேளையிலோ, காட்டில் அளந்தாலும் மலையில் அளந்தாலும், பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 310 பங்கு கரியமில வாயுவே இருந்தது. இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுவதாக முன்னோர் கருதிய ஒன்று, உண்மையில் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவினது என்று தெரியவந்தது.

1956-ஆம் ஆண்டில் கீலிங் ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். அடுத்த ஆண்டு பல நாடுகள் ஒன்றுகூடிச் சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டைக் கொண்டாடத் தொடங்கின. அதனை ஒட்டி, ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா என்னும் எரிமலையின் சரிவிலும் தென்முனையிலும் கரியமில வாயுவை அளக்கும் ஏற்பாடு உருவாயிற்று. மௌனா லோவா ஆய்வுக்கூடம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுற்றிலும் பரந்த கடல். அருகில் நகரமும் இல்லை, காடும் இல்லை. ஆகவே, உலகக் காற்றின் இயல்பை அறிய அது தக்க இடமாயிற்று.

1958-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் அங்குக் கருவி இயங்கத் தொடங்கியது. முதல் அளவு 313. மே வரையில் அளவு ஏறியது, பின்னர் இலையுதிர் காலம் வரையில் இறங்கியது, மீண்டும் ஏறியது. கருவியில் பழுதோ என்று தோன்றிய அவ் ஏற்ற இறக்கத்தின் காரணத்தைக் கீலிங் கண்டறிந்தார். உலகின் வட பாதியில் நிலப்பரப்பும் மரஞ்செடிகளும் மிகுதி. கோடையில் அவை தழைத்துக் கரியமில வாயுவை உட்கொள்கின்றன. குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகள் மக்கி அதனைத் திருப்பித் தருகின்றன. பூமியே ஆண்டுக்கு ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதைப் போன்றது அக் காட்சி.

இம் முடிவுகளைக் கீலிங் 1960-ஆம் ஆண்டில் ‘டெல்லஸ்’ என்னும் ஆராய்ச்சி இதழில் சிறு கட்டுரையாக வெளியிட்டார். பருவந்தோறும் நிகழும் ஏற்ற இறக்கத்துக்கு அடியில் வேறொரு மாற்றமும் நிகழ்கிறது என்று அக் கட்டுரை கூறியது. ஒவ்வோர் ஆண்டின் அளவும் முந்திய ஆண்டின் அளவினும் சற்று மிகுந்திருந்தது. கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்னும் நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. ஆனால், இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கைக் கொண்டு உலகத்தின் போக்கை உறுதியாகக் கூறிவிட முடியுமா? முடியாது. ஆகவே, இடைவிடாமல் அளந்துகொண்டே இருத்தல் வேண்டும் என்று கீலிங் துணிந்தார்.

அத் துணிவுக்குச் சோதனையும் வந்தது. 1964-ஆம் ஆண்டில் அரசின் ஆராய்ச்சிச் செலவு குறைக்கப்பட்டது. ஆளும் பொருளும் இன்றி, அவ் ஆண்டின் இளவேனிற் காலத்தில் மௌனா லோவாக் கருவி சில காலம் ஓய்ந்து நின்றது. இன்றும் அவ் வரைபடத்தை உற்று நோக்குவோர் அவ் இடைவெளியைக் காணலாம். பின்னர்ப் பொருளுதவி கிடைத்தது. எனினும் தொல்லை தீரவில்லை. “இது வழக்கமான அளவெடுப்பு, புதிய ஆராய்ச்சி அன்று” என்னும் கருத்து மீண்டும் மீண்டும் எழுந்தது. இப் பணியை எவரும் செய்யலாம் என்றும் கூறப்பட்டது.

கீலிங் அதனை ஏற்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் வாயுவின் ஏற்றம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அந்த அளவுக்குப் பிசகினாலும் போதும். காற்று மாறியதா, கருவி மாறியதா என்பது எவருக்கும் விளங்காது. எனவே, ஒப்புநோக்கும் வாயுக்களைத் தம் ஆய்வுக்கூடத்தில் அவர் ஓயாமல் சோதித்துவந்தார். அது மட்டுமன்று: இன்று அளக்கத் தவறிய காற்றை நாளைக்கு அளக்க இயலுமோ? விட்ட நாள் விட்ட நாளே. 1974-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அரசின் நிறுவனமும் அதே மலையில் தனியே அளக்கத் தொடங்கிற்று. அதன் பின்னரும் கீலிங் தம் பணியை நிறுத்தவில்லை. இருவர் கணக்கும் ஒத்திருந்தமையால் நம்பிக்கை வலுப்பெற்றது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அப் பொறுமை பயன் தந்தது. எரிபொருள்களால் வெளிப்படும் கரியமில வாயுவின் அளவில் பாதிக்கு மேற்பட்டது காற்றிலேயே தங்குகிறது என்பது புலனாயிற்று. கரியின் வகைகளைப் பிரித்துப் பார்த்தபோது, மிகுந்துவரும் வாயு நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வருவதற்கான அடையாளமும் கிடைத்தது. பூமியின் மூச்சே ஆழமாகி வருகிறது, அதாவது பருவ ஏற்ற இறக்கம் விரிந்துவருகிறது என்று, 1996-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் தம் துணைவர்களுடன் அவர் எழுதினார். நாற்பது ஆண்டுக் கணக்கு கையில் இல்லாதிருப்பின் இவ் உண்மையை எவ்வாறு கண்டிருக்க முடியும்? அவர் வரைந்த கோடு இன்று உலகெங்கும் ‘கீலிங் வளைகோடு’ என்று வழங்கப்படுகிறது.

2002-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கீலிங்குக்குத் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கினார். 2005-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், தம் 77-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் பணியை அவர் மகனும் விஞ்ஞானியுமான ரால்ஃப் கீலிங் ஏற்றுக்கொண்டார். 1958-இல் 313 என்று தொடங்கிய அளவு, 2013-ஆம் ஆண்டு மே திங்களில் முதன்முறையாக 400-ஐத் தொட்டது. 2023-இல் ஆண்டுச் சராசரியே 420-ஐக் கடந்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் மௌனா லோவா பொங்கி, ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் சாலையையும் மின்சாரத்தையும் துண்டித்தது. உடனே பக்கத்து மலையான மௌனா கேயாவில் அளவெடுக்கத் தொடங்கினர். 1964-இல் கற்ற பாடத்தை அவர்கள் மறக்கவில்லை.

பெரிய கண்டுபிடிப்புகள் யாவும் ஒரு நொடியில் தோன்றும் ஒளியால் நிகழ்வன அல்ல. ஒரு நாளின் அளவு வெறும் எண்ணே. பல்லாயிரம் நாள்களின் அளவோ உலகத்துக்கு விடுத்த எச்சரிக்கை. சிறு துளி பெரு வெள்ளம் என்பது பொருளுக்கு மட்டுமன்றி அறிவுக்கும் பொருந்தும் என்பதைக் கீலிங்கின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.