வருமானம் மாறும்போது உதவித்தொகையும் மாறவேண்டுமா?
பிரிட்டிஷ் வரி வரவுத் திட்டம் அளிக்கும் பாடம்

குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை வழங்க முற்படும்போது முதலில் எழும் கேள்வி, எவ்வளவு வழங்குவது என்பதாகும். அதற்கு அடுத்தபடியாக எழுவது, எந்தக் காலத்திய வருமானத்தை அடிப்படையாகக் கொள்வது என்ற கேள்வி. முதற் கேள்வியைப் பற்றிப் பொருளாதார நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவது கேள்வி நிர்வாக நடைமுறை சார்ந்த சிறிய விஷயமாகவே கருதப்படுகிறது. ஆனால், ஒரு நலத்திட்டம் வெற்றி பெறுவதும் தோல்வியுறுவதும் பல சமயங்களில் இந்த இரண்டாவது கேள்விக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. பிரிட்டனில் 2003 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் 5 வரை நடைமுறையில் இருந்த வரி வரவுத் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

திட்டத்தின் தோற்றம்

வரி செலுத்துவதற்கும் குறைவான வருமானம் உள்ளவர்களுக்கு, வரி அமைப்பின் வாயிலாகவே அரசு பணம் தரலாம் என்ற கருத்தை 1962ல் வெளிவந்த நூலொன்றில் மில்டன் ஃபிரீட்மன் எடுத்துரைத்தார். ‘எதிர்மறை வருமான வரி’ எனப்படும் இக்கருத்தின் சாயலில், அமெரிக்கா 1975ல் உழைப்பு வருமானத்திற்கான வரி வரவை அறிமுகப்படுத்தியது.

பிரிட்டனில் 1971 முதல் குடும்ப வருமானத் துணைத்தொகையும், 1988 முதல் குடும்ப வரவும், 1999 முதல் உழைக்கும் குடும்பங்களுக்கான வரி வரவும் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கப்பட்டன. 1999ஆம் ஆண்டுத் திட்டத்தில், விண்ணப்பிக்கும் சமயத்தில் இருந்த வருமானத்தைக் கொண்டு தொகை நிர்ணயிக்கப்பட்டு, ஆறு மாதங்களுக்கு மாறாமல் வழங்கப்பட்டது. இடையில் வருமானம் கூடினாலும் குறைந்தாலும் தொகை மாறாது. இது குடும்பங்களுக்கு நிச்சயத் தன்மையைத் தந்தது. ஆயினும், திடீரென வேலையை இழந்தவருக்கு உதவி உடனே உயரவில்லை என்ற குறை இருந்தது.

இக்குறையைப் போக்கும் நோக்கத்துடன், கார்டன் பிரௌன் நிதியமைச்சராக இருந்தபோது, 2002ஆம் ஆண்டு வரி வரவுச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி 2003 ஏப்ரலில் உழைப்பு வரி வரவு, குழந்தை வரி வரவு என்னும் இரு திட்டங்கள் தொடங்கப்பட்டன. ‘வரி வரவு’ என்று பெயரிடப்பட்டிருந்தாலும், இது வரியில் கழிக்கப்படும் தொகையன்று. வருவாய் இலாகா குடும்பங்களுக்கு நேரடியாக வழங்கிய உதவித்தொகையே ஆகும்.

தற்காலிக நிர்ணயமும் இறுதி நிர்ணயமும்

இத்திட்டத்தின் கணக்கு, ஏப்ரல் 6 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 5 வரையிலான வரி ஆண்டை அடிப்படையாகக் கொண்டது. குடும்பத்திற்கு உரிய தொகை அந்த ஆண்டு முழுவதுமான வருமானத்தைப் பொறுத்தது. ஆனால், ஆண்டு முடியும் வரை அந்த வருமானம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. எனவே, முந்தைய ஆண்டு வருமானத்தைக் கொண்டு தற்காலிகமாக ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டு, வாரந்தோறுமோ நான்கு வாரங்களுக்கு ஒருமுறையோ வழங்கப்பட்டது. ஆண்டு முடிந்தபின் உண்மை வருமானத்துடன் ஒப்பிட்டு இறுதி நிர்ணயம் செய்யப்பட்டது. குறைவாக வழங்கப்பட்டிருப்பின் பாக்கி கொடுக்கப்படும். அதிகமாக வழங்கப்பட்டிருப்பின் அது கடனாகத் திரும்ப வசூலிக்கப்படும்.

ஆண்டுதோறும் நடைபெற்ற புதுப்பித்தல் என்பது இந்த இறுதி நிர்ணயமேயாகும். ஒரே படிவம் இரு வேலைகளைச் செய்தது: முடிந்த ஆண்டின் கணக்கை முடித்தது, தொடங்கிய ஆண்டிற்கான கோரிக்கையாகவும் அமைந்தது. ஏப்ரலுக்குப்பின் குடும்பங்களுக்குப் புதுப்பித்தல் படிவங்கள் அனுப்பப்பட்டன. அவை இரு வகைப்பட்டவை. சிலருக்கு, படிவத்திலுள்ள விவரங்கள் சரியாக இருப்பின் பதில் அனுப்பவேண்டியதில்லை; தவறு இருந்தால் மட்டும் தெரிவித்தால் போதும். மற்றவர்கள் கட்டாயமாகப் பதில் தரவேண்டும். இதற்கான கடைசி நாள் தொடக்கத்தில் செப்டம்பர் 30 ஆக இருந்தது. பின்னர் ஜூலை 31க்கு முன்கொணரப்பட்டது. பதில் தரவேண்டியவர் தராவிடில் தொகை நிறுத்தப்பட்டது. அத்துடன், ஏப்ரல் 6 முதல் பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தருமாறு அறிவிப்பும் வந்தது. சுயதொழில் செய்வோர் ஜூலைக்குள் கணக்கை முடிக்க இயலாவிடில் மதிப்பீட்டுத் தொகையைத் தெரிவித்து, உண்மைத் தொகையை அடுத்த ஜனவரி 31க்குள் தரலாம்.

கடைசி நாள் முன்கொணரப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஏப்ரலுக்கும் புதுப்பித்தலுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பழைய வருமானத்தின்படியே தொகை வழங்கப்பட்டது. அந்த இடைவெளி நீண்டால், தவறான தொகையும் அதற்கேற்ப வளரும்.

தெரிவிக்கவேண்டிய மாற்றங்கள்

மாற்றங்களை இரு பிரிவாகக் கொள்ளலாம். முதலாவது, வருமான மாற்றம். இதை ஆண்டின் நடுவில் தெரிவிக்கவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் தெரிவிக்காவிடில், ஆண்டு முடிவில் கடன் சேரும். இரண்டாவது, குடும்பச் சூழ்நிலை மாற்றம். தம்பதியர் பிரிவது, தனித்து வாழ்பவர் துணையுடன் வாழத் தொடங்குவது, வேலை நேரம் வாரத்திற்கு 16 அல்லது 30 மணி என்பது போன்ற வரம்பிற்குக் கீழே செல்வது, குழந்தைக் காப்பகச் செலவு வாரத்திற்கு 10 பவுனோ அதற்கு மேலோ குறைவது, 16 வயது கடந்த பிள்ளை படிப்பை நிறுத்துவது ஆகியவை இதில் அடங்கும். இவற்றைக் குறித்த காலத்திற்குள் தெரிவிப்பது கட்டாயம். முதலில் மூன்று மாதமாக இருந்த இக்கால வரம்பு 2007ல் ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. தெரிவிக்கத் தவறினால் 300 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். அலட்சியமாகவோ ஏமாற்றும் நோக்குடனோ தவறான தகவல் தந்தால் 3,000 பவுன் வரை விதிக்கலாம்.

குடும்ப அமைப்பு மாறும்போது விளைவு கடுமையாக இருந்தது. கோரிக்கை தனியாள் கோரிக்கை, தம்பதியர் கூட்டுக் கோரிக்கை என இருவகைப்பட்டது. ஒன்று மற்றொன்றாக மாறும்போது பழைய கோரிக்கை அன்றே முடிந்துவிடும். புதிய கோரிக்கை தனியே தரவேண்டும். பிரிந்துபோன பெண்ணொருத்தி இதை அறியாமல் பழைய கோரிக்கையின் பேரில் தொகை பெற்றுவந்தால், அத்தொகை முழுவதும் கடனாகக் கருதப்பட்டது. உரிய காலத்தில் புதிதாக விண்ணப்பித்திருந்தால் அவளுக்கு அதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கலாம். 2010 முதல், அவ்வாறு கிடைத்திருக்கக்கூடிய தொகையைக் கடனிலிருந்து கழிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு

வருமானம் உயரும்போது உடனே தொகை குறைந்துவிடாதிருக்க, ஒரு குறிப்பிட்ட அளவு உயர்வு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாமல் விடப்பட்டது. இந்த விலக்கு 2016 முதல் 2,500 பவுன். கணக்கில் எடுக்கப்படும் கூடுதல் வருமானத்தில் ஒவ்வொரு பவுனுக்கும் 41 பென்ஸ் வீதம் தொகை குறைக்கப்பட்டது.

இரு குழந்தைகளையுடைய ஒரு குடும்பத்தின் முந்தைய ஆண்டு வருமானம் 16,000 பவுன் எனக் கொள்வோம். நடப்பு ஆண்டில் அது 22,500 பவுனாகிறது. உயர்வு 6,500 பவுன். விலக்கு 2,500 போக, கணக்கில் வருவது 4,000 பவுன். இதற்கு 41 சதவீதம் 1,640 பவுன். இக்குடும்பம் வருமான உயர்வைத் தெரிவிக்காவிடில், ஆண்டு முடிவில் 1,640 பவுன் கடன்படும்.

இத்துடன் விஷயம் முடிவதில்லை. அடுத்த ஆண்டில் 22,500 பவுன் வருமானமே அடிப்படையாகிறது, விலக்குக்கு இடமில்லை. உரிய குறைப்பு 6,500 பவுனில் 41 சதவீதம், அதாவது 2,665 பவுன். மாதத்திற்கு ஏறத்தாழ 222 பவுன். ஆனால், புதுப்பிக்கும் வரை 16,000 பவுன் வருமானத்தின்படியே தொகை வருகிறது. நான்கு மாதங்கள் கழித்துப் புதுப்பித்தால் மேலும் 888 பவுன் மிகையாகச் சென்றிருக்கும். ஆக, எந்தப் பொய்யும் கூறாத ஒரு குடும்பம், பதினாறு மாதங்களில் 2,528 பவுன் அரசுக்குக் கடன்பட்டு நிற்கிறது.

இதே குடும்பம் முதல் ஆண்டின் நடுவிலேயே தெரிவித்திருந்தால், 1,640 பவுன் குறைப்பு எஞ்சிய ஆறு மாதங்களில், மாதத்திற்குச் சுமார் 273 பவுனாகப் பகிர்ந்து பிடிக்கப்பட்டிருக்கும். அதுவும் சுமையே. எனினும் செலவழித்துவிட்ட பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும், இனி வரும் பணத்தைக் குறைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

நடைமுறையில் நேர்ந்தது

முதலாண்டான 2003–04க்கான கணக்கு முடிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 19 லட்சம் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 190 கோடி பவுன் மிகையாக வழங்கப்பட்டிருந்ததாக 2005ல் தெரியவந்தது. இலாகாவின் தவறுகளும் கணினிக் கோளாறுகளும் இதில் ஒரு பகுதிக்குக் காரணமாயின. ஆனால் பெரும்பகுதி, வருமானம் உயர்ந்தால் கடன் சேரும் என்ற அமைப்பிலிருந்தே விளைந்தது. அதாவது, திட்டம் வகுத்தபடியே நடந்ததன் விளைவு இது.

நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி ஆன் ஏப்ரகாம் 2005 ஜூனிலும் 2007 அக்டோபரிலும் இதுபற்றி இரு அறிக்கைகள் வெளியிட்டார். கடிதங்களைப் புரிந்துகொள்ள முடியாமலும், கடன் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியாமலும் ஏழைக் குடும்பங்கள் துன்புற்றது அவற்றில் சுட்டிக்காட்டப்பட்டது.

இதனையடுத்து அரசு, 2,500 பவுனாக இருந்த விலக்கை 2006 ஏப்ரல் முதல் 25,000 பவுனாக உயர்த்தியது. இதனால் மிகைத்தொகை கணிசமாகக் குறைந்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. ஓராண்டில் வருமானம் 20,000 பவுன் உயர்ந்த குடும்பமும் அவ்வாண்டு முழுவதும் பழைய தொகையையே பெறலாயிற்று. செலவைக் குறைக்கும் பொருட்டு, விலக்கு 2011ல் 10,000 பவுனாகவும், 2013ல் 5,000 பவுனாகவும், 2016ல் மீண்டும் 2,500 பவுனாகவும் குறைக்கப்பட்டது. 2012 முதல், வருமானம் குறையும்போதும் முதல் 2,500 பவுன் கணக்கில் எடுக்கப்படவில்லை. இதன்படி 18,000 பவுனிலிருந்து 14,000 பவுனுக்கு வருமானம் வீழ்ந்த குடும்பத்தின் வருமானம் 16,500 பவுனாகவே கொள்ளப்பட்டது. வீழ்ச்சியை ஈடுசெய்வதற்கென்று தோற்றுவிக்கப்பட்ட திட்டம், வீழ்ச்சியின் ஒரு பகுதியைக் கண்டும் காணாதிருக்கும் நிலைக்கு வந்தது.

மாற்று வழிகள்

அமெரிக்க முறையில், ஆண்டு முடிந்தபின் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது தொகை ஒரே தவணையாக வழங்கப்படுகிறது. வருமானம் முன்பே தெரிந்துவிடுவதால், இடையில் வருமானம் மாறியதனால் மிகைத்தொகை உண்டாகும் சிக்கல் எழுவதில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் வேலையிழந்தவர் உதவிக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரிடும்.

பிரிட்டன் இப்போது கைக்கொண்டிருப்பது மூன்றாவது வழி. 2013 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பொது வரவுத் திட்டத்தில், ஒவ்வொரு மாதத்திற்கும் தனியே கணக்கிடப்படுகிறது. சம்பளம் வழங்கும் ஒவ்வொரு முறையும் முதலாளிகள் வருவாய் இலாகாவிற்கு விவரம் அனுப்பவேண்டுமென்ற விதி 2013ல் வந்தது. அவ்விவரமே இங்குப் பயன்படுகிறது. ஆண்டுப் புதுப்பித்தல் என்பது இதில் இல்லை. ஆனாலும், குடும்பச் சூழ்நிலை மாற்றங்களையும் சுயதொழில் வருமானத்தையும் பயனாளியே தெரிவிக்கவேண்டும். மேலும், மாதச் சம்பளம் விடுமுறை காரணமாகச் சில நாள் முன்னதாக வரும்போது, ஒரு மாதக் கணக்கில் இரு சம்பளங்கள் சேர்ந்து உதவித்தொகை வெகுவாகக் குறைந்தது. இவ்வாறு கணக்கிடுவது நியாயமற்றது என 2020ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலப் பிரச்சினை ஆண்டிலிருந்து மாதத்திற்கு இடம் பெயர்ந்ததேயன்றி மறையவில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவிற்குரிய படிப்பினை

இந்தியாவில் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அளிக்கின்றனர். 2014 முதல் இதை மின்னணு முறையிலும் அளிக்கலாம். கல்வி உதவித்தொகை பெறும் மாணவர் பெற்றோரின் வருமானச் சான்றிதழைத் தருகின்றனர். 2019ல் தொடங்கிய பிரதமரின் விவசாயிகள் நிதித் திட்டத்தில், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியோர் தகுதியற்றவராவர். அவ்வாறு பெற்றவர்களிடமிருந்து தொகை திரும்பப் பெறப்படுகிறது. எனவே, பிரிட்டிஷ் அனுபவம் தொலைதூரத்துச் செய்தியன்று. விவசாயக் கூலிகளும் சிறு வணிகரும் மிகுந்துள்ள ஒரு நாட்டில், மாத வருமானத்தை முதலாளியின் பேரேட்டிலிருந்து அறிவது பெரும்பாலோர் விஷயத்தில் இயலாது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

இதிலிருந்து மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவது, மாற்றத்தைத் தெரிவிக்கும் பொறுப்பு பயனாளியுடையது எனில், எதை, எப்போது, எங்கே தெரிவிப்பது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் கூறும் பொறுப்பு அலுவலகத்தினுடையது. இரண்டாவது, சிறிய ஏற்ற இறக்கங்களைப் பொருட்படுத்தாமல் விடுவது பண விரயமாகாது. திரும்ப வசூலிப்பதற்கு ஆகும் செலவையும் மனத்துயரையும் தவிர்க்கும் வழி அது. மூன்றாவது, நேர்மையாகப் பெற்ற மிகைத்தொகையையும் மோசடியையும் விதிகள் மட்டுமன்றி, அனுப்பும் கடிதங்களும் வேறுபடுத்திக் காட்டவேண்டும்.

அன்றாட வருமானத்திற்கு ஏற்ப மாறும் உதவி, மாறாமல் வரும் உதவி ஆகிய இரண்டின் நன்மையையும் ஒருங்கே அளிக்கும் திட்டம் இதுவரை வகுக்கப்படவில்லை. இரண்டில் எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பதைத் திட்டம் வகுப்போர் முன்கூட்டியே முடிவு செய்தாகவேண்டும். அவர்கள் முடிவு செய்யாமல் விட்டால், மாத வரவை நம்பி அரிசியும் எண்ணெயும் வாங்கும் குடும்பமே, பிறகு வரும் கடன் அறிவிப்பின் மூலம் அந்த முடிவைத் தெரிந்துகொள்ள நேரிடும்.