ஜாமீனில் இருப்பவருக்கு ஓட்டு உண்டு

அன்புள்ள மருமகளுக்கு,

வாக்காளர் பட்டியலில் உன் பெயர் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். உங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஜெயிலுக்குப் போய் வந்தவராம், “எனக்கெல்லாம் ஏதும்மா ஓட்டு?” என்கிறாராம். அவர் சொல்வது சரியா என்று கேட்கிறாய்.

சரியில்லை. அவருக்கு ஓட்டு உண்டு. தண்டனை முடிந்து வெளியே வந்த அன்றைக்கே அந்த உரிமை அவரிடம் வந்துவிட்டது. மனுப் போட வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம். அவர் உள்ளே இருந்த காலத்தில் குடும்பம் வீடு மாறி, பட்டியலிலிருந்து பெயரை நீக்கியிருந்தால் படிவம் 6 நிரப்பிக் கொடுக்கட்டும். வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்ற கேள்வியே அந்தப் படிவத்தில் இல்லை. நீயே போய் இதை அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தீர்ப்பு நாள் முதல், விடுதலைக்குப் பின் ஆறு வருஷம் முடியும் வரை தேர்தலில் நிற்க முடியாது. அரசியல்வாதிகளின் வழக்குகளில் இந்த ஆறு வருஷம் அடிக்கடி செய்தியாகிறது. அது வேட்பாளருக்கான தடை. ஓட்டுப் போடுபவருக்கு அப்படி ஒரு தடை வருவது லஞ்சம், ஆள்மாறாட்டம் போன்ற சில தேர்தல் குற்றங்களுக்கு மட்டும்தான். மற்றபடி, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5), நீ என்ன செய்தாய் என்று பார்ப்பதில்லை. வாக்குப்பதிவு நாளில் எங்கே இருக்கிறாய் என்றுதான் பார்க்கிறது. சிறையிலோ போலீஸ் காவலிலோ இருந்தால் ஓட்டு கிடையாது. வெளியே இருந்தால் உண்டு.

கேட்க நியாயமாகத் தோன்றும். கோர்ட்டில் நின்று பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. கொலை வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து, ஜாமீனில் வெளியே இருப்பவர் வாக்குச்சாவடிக்குப் போய் மை வைத்துக்கொண்டு வரலாம். செல்போன் திருடியதாகப் பிடிபட்டு, இன்னும் விசாரணையே தொடங்காத பையன் போட முடியாது. அவனுக்கு மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்திருப்பார். இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அவன் அம்மா ஆதார் நகலையும் யாரோ கொடுத்த வீட்டு வரி ரசீதையும் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்பாள். ஒரு ஆள் தம்பி, வந்துவிட்டான். இன்னொருவர் காலையில் வருகிறேன் என்று சொன்னவர், போனை எடுக்கமாட்டார். கோர்ட் எழுந்துவிடும். பையன் இன்னொரு வாரம் உள்ளே. அந்த வாரத்தில் தேர்தல் வந்தால் அவன் ஓட்டும் போயிற்று. சட்டப்படி அவன் இன்னும் நிரபராதி. அவனுக்கும் அந்த மேல்முறையீட்டுக்காரருக்கும் நடுவே இருப்பது குற்றமல்ல, இரண்டாவது ஜாமீன்தாரர்.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் கதை இல்லை. 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை.

1997இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் இந்த 62(5) பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறைக்குள் வாக்குப்பதிவு நடத்தக் கூடுதல் போலீஸ் வேண்டும், வசதி போதாது. தன் நடத்தையால் உள்ளே போனவர் வெளியில் இருப்பவருக்குச் சமமான சுதந்திரம் கேட்க முடியாது. குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இவையே காரணங்கள்.

வசதி போதாது என்ற காரணத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: தடுப்புக் காவலில் இருப்பவர் தபால் ஓட்டுப் போடலாம். நம் ஊரில் ‘குண்டாஸ்’ என்கிறோமே, அந்தச் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்கும் அது உண்டு. ஒரே சிறையில் குண்டாஸ் கைதிக்குத் தபால் ஓட்டு வருகிறது. பக்கத்து பிளாக்கில் ஜாமீனுக்கு ஆள் கிடைக்காத பையனுக்கு வருவதில்லை. ஒருவருக்குச் சீட்டு கொண்டுபோகும் வழி இருக்கும்போது அடுத்தவருக்கு ஏன் இல்லாமல் போகும்?

இன்னொன்றும் கேள். ஓட்டுப் போட முடியாதவர் தேர்தலில் நிற்கவும் முடியாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, காவலில் இருப்பவர் நிற்கலாம் என்று ஆக்கிவிட்டது. நிற்கும் உரிமைக்கு அவ்வளவு அவசரம். போடும் உரிமையை யாரும் தொடவில்லை. 2024இல் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே ‘இன்ஜினியர் ரஷீத்’ காஷ்மீரின் பாராமுல்லா தொகுதியில் உமர் அப்துல்லாவை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். தன் ஓட்டைப் போட மட்டும் அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

தண்டனை பெற்றவர்களுக்கும் ஓட்டு வேண்டுமா என்று நீ கேட்பாய். வேண்டும் என்பதே என் எண்ணம். சிறைச்சாலையின் சோறு, மருத்துவம், பரோல் விதி எல்லாவற்றையும் முடிவு செய்வது நாம் தேர்ந்தெடுக்கும் அரசுதான். அதன் பிடியில் முழுதாக இருப்பவர்களுக்கு அதை மாற்றும் சக்தி கொஞ்சமும் இல்லை. ஓட்டில்லாதவர்களைத் தேடி எந்தக் கட்சியும் வருவதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1999இல் கைதிகளும் வாக்களிக்க ஏற்பாடு செய்யுமாறு அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. பிறகு அபராதம் கட்டும் வாய்ப்பில்லாமல் சிறைத் தண்டனை பெற்றவர்களை விலக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. 2004இல் அதையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அங்கும் செலவை ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

நம் நாட்டில் இதை நாடாளுமன்றமே செய்யலாம். தடுப்புக் காவலுக்குக் கொடுத்த விலக்கில் விசாரணைக் கைதிகளையும் சேர்த்து ஒரு வரி எழுதினால் போதும், அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருவார். அந்த வரிக்கு ஆதரவு தருவாரா என்று நேரில் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை